அத்தையும் காமிராவும்

போட்டோ எடுப்பது என்ன பெரிய வித்தை? பொத்தானை அமுக்கினால் படம் விழுந்துவிட்டுப் போகிறது! இப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அப்படி நினைப்பவராக இருந்தால், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வந்து சற்று உட்காருங்கள். ஐம்பத்தாறாவது வயதில் நான் காமிராவும் கையுமாக அலைந்த கதையைச் சொல்கிறேன்.

எங்களுக்குத் தென்காசி. விசுவநாதர் கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. குற்றாலம் கூப்பிடு தூரம். ஆனி பிறந்து, மேற்கு மலைப் பக்கமிருந்து காற்றும் சாரலும் வர ஆரம்பித்தால், அதுவரை எங்களை மறந்திருந்த உறவினர்கள் எல்லாருக்கும் எங்கள்மீது திடீரென்று பாசம் பொங்கிவிடும். பேரருவி விழுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் விருந்தாளிகள் விழுந்துவிடுவார்கள்!

புனேயில் வேலை பார்க்கும் என் பையன் மூன்று வருஷத்துக்கு முன்னால் புதுக் காமிரா ஒன்று வாங்கிக்கொண்டான். பழையதை, "அம்மா, இது உனக்கு" என்று கொண்டுவந்து கொடுத்தான். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும், "உனக்கு எதுக்கு இது? கைப்பேசியிலேயே உன் கட்டைவிரலைத்தானே எடுக்கே?" என்றார். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. அந்த சீசனில் பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, பழைய குற்றாலம் ஒன்றையும் விடவில்லை. நானூறு படங்களுக்குமேல் எடுத்துத் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரையும் உட்காரவைத்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் இத்தனை வேட்டியைக் கொடியிலே காயப்போட்டு எடுத்திருக்கே?" என்றார் அவர்.

கோபமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பப் பார்த்தேன். நிஜமாகவே வேட்டிதான்! கன்னங்கரேலென்று பாறை, நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு துணி. நீர் இல்லை, துளி இல்லை, வேகம் இல்லை. மறுநாள் நேரே அண்ணாச்சியிடம் போனேன்.

அண்ணாச்சி தென்காசியில் ரொம்ப காலம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். இப்போது கடையை மூடிவிட்டு, பேரன் பேத்திகளோடு இருக்கிறார். என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கடைசியில், "தங்கச்சி, நீங்க சமைக்கும்போது ருசி பாப்பீங்கள்ளா?" என்று கேட்டார்.

"பார்ப்பேன், அண்ணாச்சி."

"காமிராவுக்கு நாக்கு கிடையாது. அது எதைப் பார்த்தாலும் கறுப்புமில்லாமல் வெள்ளையுமில்லாமல் ஒரே சாம்பல் பதத்திலே இறக்கி வைக்கும். அருவியைச் சுத்தி கரும்பாறை. 'அடடா, ஒரே இருட்டால்லா இருக்கு' என்று அது வெளிச்சத்தை அள்ளி ஊத்துது. பாறை நல்லாயிருக்கும், தண்ணி வெந்துபோகும். நீங்கதான் உப்பைக் குறைக்கணும்."

காமிராவில் கூட்டலும் கழித்தலும் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா? கைப்பேசியிலும் திரையைத் தொட்டால் ஒரு சின்னச் சூரியன் வந்து, மேலும் கீழுமாக நகருகிறதே, அதுவேதான். அருவிக்குக் கழித்தல் பக்கம் ஒரு படி இறக்கச் சொன்னார். கோயில் கோபுரத்தைக் கீழேயிருந்து அண்ணாந்து எடுக்கிறபோது பின்னால் வானம் பளபளவென்று இருக்கும், அப்போது காமிரா பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கோபுரம் கரிக்கட்டையாகிவிடும். அதற்குக் கூட்டல். இந்த ஒரு பாடத்திலேயே என் படங்களில் பாதிக்கு மோட்சம் கிடைத்தது.

இரண்டாவது பாடம் வேகம். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் காமிரா கண் திறந்தால், விழுகிற நீர் அந்தரத்தில் முத்து முத்தாக நின்றுவிடுகிறது. கால் வினாடி திறந்திருந்தால், அதே நீர் மல் துணி போல மெத்தென்று இழைகிறது. எது வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்யவேண்டும். சீறி விழும் பேரருவிக்கு முதலாவது பொருந்துகிறது. மழை குறைந்து நூலாக இறங்கும் சிற்றருவிக்கு இரண்டாவது. ஆனால் கால் வினாடிக்கு முக்காலி வேண்டும். முக்காலி இல்லையென்றால் கைப்பிடிச் சுவரின்மேல் காமிராவை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கலாம். பொத்தானை விரலால் தொடாமல், பத்து வினாடி கழித்துத் தானே எடுக்கும்படி வைத்துவிட்டால் இன்னும் உத்தமம்.

சாரலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றாலத்துக்காரி என்று என்னை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் லென்ஸில் பனித்துளி படர்ந்துவிடும். பழைய பருத்தி வேட்டித் துணி, நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆனது, இரண்டு துண்டு இடுப்பில் இருக்கவேண்டும். காமிராவுக்கு ஒரு குடை. குடையை யார் பிடிப்பது என்கிறீர்களா? என்னைக் கேலி செய்தவர்தான்! காமிரா நனையாமல் அவர் நனைந்துகொண்டு நின்ற காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. இன்னொன்று. நல்ல கோணம் வேண்டுமென்று தடுப்பைத் தாண்டி ஒரு அடி வைக்காதீர்கள். நம் தலைக்கு மேலே வெயில் அடிக்கும்; மலைமேல் மழை கொட்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டுபோனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. போலீசார் விசில் அடித்தால், படம் பாதியில் இருந்தாலும் விலகிவிட வேண்டியதுதான்.

மூன்றாவது பாடம்தான் கஷ்டமானது. "நாளைக்குப் பன்னிரண்டே படம். பதின்மூணாவது எடுக்கக்கூடாது" என்றார் அண்ணாச்சி.

"நினைவு அட்டையில் ஆயிரம் படத்துக்கு இடம் இருக்கே, அண்ணாச்சி!"

"இடம் இருக்கும். கவனம் இருக்காது."

அந்தக் காலத்துச் சதுரப் படக் காமிராக்களில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தானாம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967இல் உற்பத்தியை ஆரம்பித்து, 'இந்து' என்ற பெயரில் பிலிம் வந்தது. அப்படியும் ஒரு சுருள் என்பது காசுதான். அமுக்குவதற்கு முன் நாலு ஓரத்தையும் பார்ப்பார்களாம். யார் தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்திருக்கிறது, யார் கால் வெட்டுப்படுகிறது என்று பார்த்த பிறகுதான் விரல் அசையும். நானும் பார்க்கப் பழகினேன். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அருவியை விட அருவியைச் சுற்றி இருப்பதுதான் எனக்குப் பிடித்துப் போயிற்று. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்து, ஒன்றை மட்டும் பிளந்து ருசி காட்டும் கடைக்காரர், உடம்பெல்லாம் எண்ணெயோடு குளிரில் கைகட்டி வரிசையில் நிற்கும் தாத்தா, அவர் கையிலுள்ள வடையைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கும் குரங்கு! இவர்கள் படத்தில் வந்த பிறகு அருவியின் உயரமும் தானாகத் தெரிந்தது.

இப்படிக் கொஞ்சம் தேர்ந்துவிட்டோம் என்ற கர்வத்தில் இருந்தபோதுதான் ஐந்தருவியில் எனக்கு ஒரு சூடு விழுந்தது.

பெண்கள் குளிக்கிற பக்கம். ஒரு தாயும் ஏழெட்டு வயதுப் பெண்ணும் நீருக்கடியில் நின்றார்கள். குழந்தை மூச்சுத் திணறித் தாயைக் கட்டிக்கொள்ள, தாய் வாய்விட்டுச் சிரித்தாள். அமுக்கிவிட்டேன். அதுவரை நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம்; பார்த்தவுடனே தெரிந்தது. அடுத்த நிமிஷம் அந்தப் பெண் ஈரப்புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் எதிரே நின்றாள்.

"யாரைக் கேட்டும்மா எடுத்தீங்க? உங்க பொண்ணு இப்படி நின்னா எடுத்திருப்பீங்களா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. நானும் ஒரு பெண்தானே என்று சொல்ல நினைத்தேன். பெண் என்பதால்தானே எனக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும்? அவள் கண்ணெதிரிலேயே அந்தப் படத்தை அழித்தேன். "மன்னிச்சுக்கோ, தாயி" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அரை மணி கழித்து, தலை துவட்டிப் பொட்டு வைத்துக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்து, "இப்ப எடுங்க" என்றாள். எடுத்து, அவள் கைப்பேசிக்கே அனுப்பினேன். அழிந்த படத்தில் பாதிகூட இது இல்லை. ஆனால் இதைத்தான் அவள் தன் வீட்டில் காட்டுவாள். அன்றிலிருந்து கேட்காமல் யாரையும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் கொஞ்சம் படிக்கவும் செய்தேன். வயதாகிவிட்டதே என்று தயங்கும் சகோதரிகளுக்கு ஒரு சேதி: ஜூலியா மார்கரெட் காமெரான் என்ற கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணிக்கு அவருடைய மகளும் மருமகனும் 1863இல் காமிரா கொடுத்தபோது வயது நாற்பத்தெட்டு! கரி போடும் அறையை இருட்டறையாக்கி, கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கி, மனித முகங்களை எடுத்து உலகப் புகழ் பெற்றார். 1875இல் இலங்கைக்குக் குடிபோய், அங்கே இருந்த மக்களையும் படம் பிடித்து, 1879இல் அங்கேயே காலமானார். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா (1913–2012) எடுத்த ஆரம்ப காலப் படங்கள் கணவர் பெயரில் வெளியாயின. பிற்காலத்தில் அவருக்குப் பத்ம விபூஷண் விருதே கிடைத்தது.

நம் திருநெல்வேலியில் 1912இல் பிறந்தவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தாமாகவே கற்றுக்கொண்டு, காட்டு யானைகளை நடந்துபோய் எடுத்தவர். காமிரா ஒன்று, லென்ஸ் வேறொன்று என்று தாமே இணைத்துக்கட்டிய கருவிதான் அவருடையது. எல்லாரும் வண்ணத்துக்கு மாறிய பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல், 1996இல் காலமாகும் வரை எழுதிவந்தார். விலை உயர்ந்த காமிரா இல்லையே என்று நான் இனி யாரிடம் குறைப்பட்டுக்கொள்வது?

ஒருநாள் அண்ணாச்சி ஒரு பழைய படத்தை எடுத்துக் காட்டினார். எங்கள் கோயில் கோபுரம்! ஆனால் இப்போது இருக்கிற ஒன்பது நிலைக் கோபுரம் அல்ல, மொட்டையாக நிற்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் ஆரம்பித்த கோயில். கோபுரம் சிதைந்து வெகுகாலம் அப்படியே கிடந்து, புதிதாக எழும்பி, 1990இல்தான் குடமுழுக்கு நடந்தது.

"இதை இனிமே யாராலே எடுக்க முடியும், தங்கச்சி? இருக்கையிலே எடுத்ததாலே இருக்கு" என்றவர், சற்றுப் பேசாமல் இருந்தார். பிறகு மெள்ளச் சொன்னார்: "என் தொழில்லே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உசிரோட இருக்கையிலே ஒரு பொம்பளையைப் படம் எடுக்க யாரும் கூப்பிட மாட்டாங்க. செத்தபிறகு ஆள் விடுவாங்க. நாற்காலியிலே உட்கார வச்சு, தாடையைக் கட்டி, மாலை போட்டு... எத்தனை வீட்டிலே எடுத்திருக்கேன்! உங்க வீட்டிலே பெரியம்மா இருக்காங்களே, ஒரு படம் எடுத்துக் கொண்டாங்க. அதுதான் உங்களுக்குப் பரீட்சை."

வீட்டுக்கு வந்து தேடினேன். என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, எண்பத்து மூன்று வயது. கல்யாணப் படம் ஒன்று உண்டு. தலையைக் குனிந்திருப்பதால் வகிடு மட்டும் தெரியும். அடையாள அட்டையில் ஒரு படம் உண்டு, "இது யாருட்டீ?" என்று அத்தையே ஒருதடவை கேட்டார். அவ்வளவுதான். நான் குற்றாலத்துக் குரங்குகளை நூறு கோணத்தில் எடுத்திருக்கிறேன். முப்பது வருஷம் ஒரே அடுப்படியில் என்னோடு நின்றவருக்கு ஒரு படம் இல்லை!

கேட்டேன். "வேண்டாம்" என்றார். மறுபடியும் கேட்டேன். "மாலை போடுததுக்கா?" என்று எழுந்து போய்விட்டார். எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தருவியில் பட்ட சூட்டினால் தெரியாமல் எடுக்கவும் மனம் வரவில்லை. ஒரு மாதம் காமிராவைத் தொடாமல், சாயங்காலங்களில் அவரோடு உட்கார்ந்து புளி ஆய்ந்தேன். அப்போதுதான் ஒருநாள் தாமாகவே சொன்னார்.

"எங்க அம்மாவை எடுத்தாங்கட்டீ, 1982லே. போன அன்னிக்கு. நாற்காலியிலே சாத்தி வச்சு. இருந்த நாளெல்லாம் ஒரு படம் கிடையாது. எங்க அண்ணன் வீட்டுக் கூடத்திலே அதைத்தான் மாட்டியிருக்கு. உள்ளே நுழையும்போதெல்லாம் நான் தலையைக் குனிஞ்சுக்குவேன். இப்ப நினைச்சுப் பார்த்தா அம்மா முகமே வரமாட்டேங்குது. அந்தப் படந்தான் வருது. கண்ணை மூடிக்கிட்டு."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? புளியிலிருந்து கொட்டைகளைப் பிரித்துக்கொண்டே இருந்தோம். வெகுநேரம் கழித்து, "கண்ணைத் திறந்து இருக்கையிலே எடுத்துக்கவா, அத்தை?" என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "நாளைக்கு அந்த மாம்பழக் கலர் சீலையை உடுத்துக்கிடுதேன்" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணி. பின்வாசல் நிலைப்படி. வெயில் நேரே விழாமல், வெளிச்சம் மட்டும் ஒருபக்கமாக வந்து முகத்தைத் தொடுகிற இடம் அது. முப்பது வருஷம் அங்கே அரிசி புடைத்த எனக்குத் தெரியாததா! உள்பக்கக் கன்னம் இருட்டாக இருந்ததால், எதிரே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தவர் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? "கடைசியிலே நிசமாவே வேட்டியைக் காயப்போட வச்சுட்டாளே!" என்றார். அத்தை பிள்ளையைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தார். கண்ணுக்கு நேரே குறி வைத்து, அமுக்கினேன். அன்றைக்குப் பன்னிரண்டுகூட எடுக்கவில்லை; மூன்றே படம்.

பெரிதாக அச்சுப்போட்டு வாங்கிவந்து கையில் கொடுத்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இல்லையோ என்று என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

"ஏட்டி, எங்க அம்மால்லா இது!" என்றார். "கண்ணைத் திறந்துட்டாளே!"

அண்ணாச்சியிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கழித்தல், கூட்டல், வேகம் ஒன்றையும் பற்றி அவர் பேசவில்லை. "பாஸ்" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு பிரதி அத்தையின் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறது. "பெரியவங்க படம்னு மாலை கீலை போட்டுடப் போறாங்க, சொல்லி அனுப்பு" என்று அத்தை கண்டிப்பாக உத்தரவிட்டார். இப்போதெல்லாம் நான் காமிராவை எடுத்தாலே, "கொஞ்சம் இரு, தலையைச் சீவிக்கிடுதேன்" என்கிறார். பன்னிரண்டு படக் கணக்கு எங்கள் வீட்டில் செல்லாமல் போய்விட்டது!

உங்கள் வீட்டிலும் ஒரு அத்தையோ, பாட்டியோ, பெரியம்மாவோ இருப்பார்கள். அருவிக்கு என்ன? அடுத்த ஆனியிலும் விழும். இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் புளி ஆய்ந்து கொடுங்கள்.